நூல் நுனி தரையில் விழும் முன்

எங்கள் பூனை பஞ்சு இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை. தட்டருகே போவாள், மோந்து பார்ப்பாள், உதட்டை நக்கிக்கொண்டு திரும்பிவிடுவாள். இரண்டு மூன்று தடவை நுரை நுரையாக வாந்தி. முடி உருண்டையாக இருக்கும், தானே கக்கிவிடுவாள் என்று நான் என் தையலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் டாக்டரம்மா அவள் வாயைத் திறந்து, தாடைக்கு அடியில் கட்டைவிரலை வைத்து மேலே அழுத்தி, நாக்கைத் தூக்கிப் பார்த்தார். நாக்கின் அடியில் மெரூன் நிறத்தில் ஒரு கோடு. என் பக்கம் திரும்பி, "தைப்பீங்களா?" என்று கேட்டார்.

அந்த வாரம் மிஷினில் ஓடிக்கொண்டிருந்த நூல்தான் அது. ஒரு சுற்று நாக்கின் வேரில் மாட்டிக்கொள்ள, மீதி வயிற்றைத் தாண்டிக் குடலுக்குள் போயிருந்தது. டாக்டரம்மா படம் வரைந்து விளக்க ஆரம்பித்தார். பாதியிலேயே எனக்குப் புரிந்துவிட்டது. பாவாடைக்குச் சுருக்கு வைக்கிறோமே, அதேதான். நீளத் தையல் ஓட்டி, ஒரு நுனியில் முடிச்சுப் போட்டு, மறு நுனியை இழுத்தால் துணி கொசகொசவென்று சேர்ந்துகொள்ளும். குடல் நூலைக் கீழே தள்ளப் பார்க்கிறது. மேல்முனை நாக்கில் மாட்டியிருப்பதால் நூல் நகராது. அதனால் குடல்தான் நூலின் மேல் ஏறிச் சுருங்குகிறது. இறுக இறுக, நூல் குடலின் சுவரை அறுக்கும். மெல்லிய துணியில் சுருக்கு நூலை வெடுக்கென்று இழுத்தால் என்ன ஆகும் என்று தைப்பவர்களுக்குத் தெரியும்.

பஞ்சு பிழைத்துக்கொண்டாள். குடலில் மூன்று இடத்தில் கீறித்தான் நூலை எடுத்தார்கள். அவள் வயிற்றில் போட்ட தையலை நான் தினமும் பார்த்தேன். அளவான, நல்ல தையல்.

ஆகவே முதல் விதி: பூனை, நாய் எதுவானாலும், வாயிலிருந்தோ பின்பக்கத்திலிருந்தோ நூல் தொங்கினால் இழுக்காதீர்கள். வெட்டவும் வேண்டாம். மறுமுனையில் ஊசி இருந்தால், வெளியே தெரியும் நூல்தான் டாக்டருக்கு வழிகாட்டி. அப்படியே தூக்கிக்கொண்டு ஓடுங்கள். பூனைக்கு இது அதிகம் நடப்பதற்குக் காரணம் அதன் நாக்கு. அதிலுள்ள முட்கள் எல்லாம் தொண்டையைப் பார்த்துச் சாய்ந்திருக்கும். மாட்டிய நூலைத் துப்புவது அதற்குக் கஷ்டம், விழுங்குவதுதான் சுலபம். பூனையும் நூல்கண்டும் வாழ்த்து அட்டையில் அழகாக இருக்கும், வீட்டில் வேண்டாம். எலாஸ்டிக், லேஸ், பரிசுப் பெட்டி ரிப்பன், பல் இடுக்கைச் சுத்தம் செய்யும் இழை எல்லாம் ஒரே ஜாதி. குச்சியில் கட்டிய இறகுப் பொம்மையை ஆட்டிக் காட்டுங்கள், ஆட்டம் முடிந்ததும் அலமாரிக்குள் வைத்துப் பூட்டுங்கள்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து என்னையே கவனித்தேன். தையல் முடிந்ததும் நூலைப் பல்லால் கடித்து, அந்த நுனியைக் கீழே விட்டுவிடுகிறேன். பதினெட்டு வருஷமாக என் கை இதைச் செய்கிறது, எனக்குத் தெரியாமலேயே. நூல்கண்டுகளை எல்லாம் டப்பாவில் போட்டுப் பூட்டியிருந்தாலும் இந்த விபத்து நடந்திருக்கும். பூட்ட வேண்டிய பொருள்களைப் பூட்டிவிடலாம், அது ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை. கை தன்பாட்டில் கீழே விடுகிற, மேஜை விளிம்பில் வைக்கிற, நாற்காலியில் மாட்டுகிற பழக்கங்களை மாற்றுவதற்கு எனக்கு ஒரு மாதம் பிடித்தது. மிஷினுக்கு இடப்பக்கம் ஒரு பாட்டில் வைத்தேன். வெட்டிய நூல் அந்தப் பாட்டிலுக்குள் போகிறவரை விரலை விட்டுப் போகக் கூடாது. பின்குஷனில் காலையில் பன்னிரண்டு ஊசி என்றால் இரவிலும் பன்னிரண்டு. குறைந்தால் படுக்கப் போவதில்லை. தையல் அறையில் பெரிய காந்தம் ஒன்றைத் தரையோடு தரையாக இழுத்துவிட்டுத்தான் விளக்கை அணைக்கிறேன்.

உங்கள் வீட்டில் தையல் மிஷின் இல்லாமல் இருக்கலாம். உங்கள் கை எதைக் கீழே விடுகிறது என்று இரண்டு நாள் கவனித்துப் பாருங்கள். என் மகனுக்கு அது சாக்ஸ். அத்தைக்கு மாத்திரை அட்டை.

குட்டியின் பல்

எங்கள் நாய்க்குட்டி பட்டன் எங்களிடம் வந்தபோது அவனுக்கு எட்டு வாரம். நாய்க்குட்டிக்குப் பால்பல் 28. மூன்று, நான்கு மாத வாக்கில் அவை விழத் தொடங்கி, ஏழு மாதத்துக்குள் 42 பெரிய பல் வந்துவிடும். அந்த நான்கு மாதமும் ஈறு குறுகுறுத்துக்கொண்டே இருக்கும். கண்டதையும் கடிக்கிறானே என்று திட்டிப் பயனில்லை. நமக்கு விரல் எப்படியோ அவனுக்கு வாய் அப்படி.

வீடு முழுவதையும் அவனுக்குத் தோதாக மாற்ற நினைத்தால் ஒன்றும் உருப்படியாக நடக்காது. ஒரு அறை, அல்லது கூடத்தில் ஒரு மூலையைத் தடுப்பு வைத்து ஒதுக்குங்கள். படுக்கை, தண்ணீர், கடிக்க இரண்டு சாமான், அவ்வளவுதான். நீங்கள் பக்கத்தில் இருந்து கண்காணிக்கும் நேரத்தில் மட்டும் மற்ற அறைகள். குளிக்கப் போகிறீர்கள், போன் பேசுகிறீர்கள், அடுப்பில் வேலை என்றால் குட்டி தடுப்புக்குள் போய்விட வேண்டும். தடுப்புக்குள் விடும்போது கழுத்துப்பட்டையைக் கழற்றிவிடுங்கள், கம்பியில் மாட்டிக்கொண்டால் சுருக்காகிவிடும். பூனைக்குப் பட்டை போடுவதானால், இழுத்தால் தானே அவிழ்ந்துகொள்ளும் வகையாகப் பார்த்து வாங்குங்கள்.

அந்த அறையை ஒருமுறை தரையில் படுத்துப் பாருங்கள். நின்றுகொண்டு பார்த்தால் சோபாவின் அடி தெரியாது. போன் டார்ச்சை அடித்தபோது எங்கள் சோபாவுக்கு அடியில் கிடைத்தவை: இரண்டு பட்டன் பேட்டரி, பொம்மைக் காரின் சக்கரம், ஒரு ஹேர்பின். பட்டன் பேட்டரியைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். ஈரமான தொண்டையில் ஒட்டிக்கொண்டால் மின்னோட்டம் பாய்ந்து, அரைமணி நேரத்துக்குள்ளேயே சதை வெந்து புண்ணாகத் தொடங்கும்.

ஒயர் பெரிய தலைவலி. சார்ஜரைப் போனிலிருந்து கழற்றுகிறோம், சுவிட்சை அணைப்பதில்லை, நுனி தரையில் கிடக்கிறது. அதையும் கைப்பழக்கக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். நகர்த்த முடியாத ஒயர்களை பிளாஸ்டிக் குழாய்க்குள் நுழைத்துச் சுவரோடு கட்டிவிடலாம். கசப்பு ஸ்பிரே அடித்தால் தொடாது என்பார்கள். பட்டன் அதை ருசித்து நக்கினான். குட்டி ஒயரைக் கடித்து அதிர்ச்சியில் கிடந்தால் தொடாதீர்கள். முதலில் மெயின் சுவிட்ச், பிறகுதான் குட்டி. எழுந்து வாலை ஆட்டினாலும் டாக்டரிடம் காட்டியே ஆக வேண்டும். நுரையீரலில் நீர் கோர்ப்பது சில மணி நேரம் கழித்துக்கூட நடக்கும். வாய் ஓரத்தில் வெளுத்த தீப்புண், மூச்சிரைப்பு இரண்டையும் பாருங்கள்.

கடிக்கக் கொடுக்கும் சாமானுக்கு இரண்டு சோதனை போதும். முழுதாக வாய்க்குள் போய்க் கடைவாயைத் தாண்டும் அளவு சின்னதாக இருக்கக் கூடாது. பந்து வாங்கும்போது இதை மறக்கவே கூடாது, ஏனென்றால் எச்சில் பட்ட பந்து வழுக்கிக்கொண்டு தொண்டையை அடைத்துவிடும். இரண்டாவது, கட்டைவிரல் நகத்தால் அழுத்தினால் கொஞ்சமாவது பதிய வேண்டும். பதியாத அளவு கெட்டியென்றால் பல் உடையும். வேகவைத்த எலும்பு வேண்டவே வேண்டாம், அது சிராய் சிராயாக உடைந்து குத்தும்.

அடுப்பங்கரையில் கொஞ்சம் கணக்கு

சாக்லேட் ஆகாது என்று எல்லாருக்கும் தெரியும். எவ்வளவு ஆகாது என்பதுதான் தெரிவதில்லை. அதிலுள்ள தியோபுரோமின் என்ற பொருளை நாயின் உடல் மெதுவாகத்தான் வெளியேற்றும். ஒரு கிலோ எடைக்கு 20 மில்லிகிராம் போனாலே வாந்தி, படபடப்பு தொடங்கலாம். 40, 50-ஐத் தொட்டால் இதயத் துடிப்பு தாறுமாறாகும். பால் சாக்லேட்டில் ஒரு கிராமுக்குச் சுமார் 2 மில்லிகிராம் இருக்கும். கேக் செய்யப் பயன்படுத்தும் கசப்பு சாக்லேட்டில் சுமார் 14. ஆக, 4 கிலோ குட்டிக்குப் பால் சாக்லேட் 40 கிராமில் தொடங்கும் தொந்தரவு, கசப்பு சாக்லேட்டில் 6 கிராமிலேயே தொடங்கிவிடும். ஆறு கிராம் என்பது ஒரே ஒரு சின்னக் கட்டி. கோகோ பவுடர் இன்னும் மோசம்.

அதைவிட நான் பயப்படுவது சைலிட்டால். சர்க்கரை இல்லாத சூயிங்கம், சில பற்பசை, சில வேர்க்கடலை வெண்ணெய் ஆகியவற்றில் இருக்கும் இனிப்பு இது. லேபிளில் சில சமயம் இ 967 என்று எண் மட்டும் போட்டிருப்பார்கள். நமக்கு ஒன்றும் செய்யாது. நாயின் உடல் இதைச் சர்க்கரை என்று நம்பி இன்சுலினைக் கொட்டிவிடும். அரைமணி நேரத்தில் ரத்தச் சர்க்கரை சரிந்து, கால் பின்னும், மயங்கும், வலிப்பு வரும். கிலோவுக்கு 0.1 கிராம் போதும். நாலு கிலோ குட்டிக்கு ஒன்றிரண்டு சூயிங்கம்மே அந்த அளவைத் தொட்டுவிடும். அளவு கூடினால் கல்லீரலும் போகும்.

திராட்சையும் உலர்திராட்சையும் நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். எத்தனை பழத்துக்குக் கெடும் என்று கணக்குச் சொல்ல முடியாது, ஒரு நாய் கைநிறையத் தின்றும் தப்பிக்கும், இன்னொன்று நாலைந்திலேயே விழும். அதனால் ஒன்றுகூடக் கொடுக்காதீர்கள். வெங்காயமும் பூண்டும் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும், பூனைக்கு இன்னும் சீக்கிரம். வேகவைத்தாலும், பொடியாக இருந்தாலும் அதே கதைதான். சோர்வும் வெளுத்த ஈறும் சில நாள் கழித்துத்தான் தெரியும் என்பதால், என்ன தின்றது என்பதே அதற்குள் நமக்கு மறந்துபோயிருக்கும்.

குப்பைத் தொட்டிக்கு மூடி வேண்டும், அதுவும் காலால் மிதித்துத் திறக்கும் வகை வேண்டாம். பட்டன் மூன்றே நாளில் மிதிக்கக் கற்றுக்கொண்டான். சிப்ஸ் பாக்கெட் காலியானதும் பக்கவாட்டைக் கிழித்துத் தட்டையாக்கிப் போடுங்கள். அடியில் ஒட்டிய தூளை நக்கத் தலையை உள்ளே விடும் நாய் மூச்சை இழுக்க இழுக்கப் பாக்கெட் முகத்தோடு ஒட்டிக்கொள்ளும். முன்னங்காலால் அதைக் கழற்றத் தெரியாது. சில நிமிஷங்களில் முடிந்துவிடுகிற சாவு இது.

மாத்திரை, மருந்து, கைப்பை

விருந்தாளிகள் வந்தால் பையை எங்கே வைப்பார்கள்? தரையில், சோபாவின் காலில் சாய்த்து. அதற்குள் மாத்திரை, சூயிங்கம், இருமல் மிட்டாய் மூன்றும் இருக்கும். அவர்கள் கையை நம்மால் மாற்ற முடியாது. வாசல் பக்கத்தில் உயரமாக ஆணி அடித்து, "பையைக் கொடுங்க, மாட்டிடறேன்" என்று வாங்கிவிடுகிறேன். அவர்களுக்கு அது உபசாரமாகத் தெரிகிறது.

பூனை உள்ள வீட்டில் பாரசிட்டமால் விஷயத்தில் ரொம்பவே கவனம் வேண்டும். அதை உடைத்து வெளியேற்ற வேண்டிய நொதி பூனையின் ஈரலில் மிகக் குறைவு. நம்முடைய ஒரே ஒரு மாத்திரை பூனையைக் கொன்றுவிடும். ஈறு பழுப்பாகவோ நீலம் பாய்ந்தோ மாறும், முகமும் பாதமும் வீங்கும். பூனைக்குக் காய்ச்சல் என்று பாசமாகக் கால் மாத்திரை கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். கொடுக்காதீர்கள். இபுபுரூஃபென் போன்ற வலி மாத்திரைகள் நாய்க்கு வயிற்றில் புண், சிறுநீரகப் பழுது. அத்தை மாத்திரையை அட்டையிலிருந்து பிதுக்கும்போது ஒன்றிரண்டு தெறித்து உருளும். இப்போது கிண்ணத்துக்குள் பிதுக்குகிறார், கதவைச் சாத்திக்கொண்டு.

நாயின் உண்ணிக்குக் கழுத்தில் விடும் சொட்டு மருந்துகள் சிலவற்றில் பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி இருக்கும். நாய்க்குச் சரி, பூனைக்கு நஞ்சு. உடம்பு நடுங்கி வலிப்பு வரும். நாய்க்கு விட்ட இடம் காய்வதற்குள் பூனை அதன்மேல் உரசிப் படுத்தாலும் ஆபத்துதான். இரண்டும் இருக்கும் வீட்டில் டாக்டரிடம் அதைச் சொல்லி மருந்து வாங்குங்கள்.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். அந்துருண்டை வேண்டாம். தண்ணீரில் ஊற்றினால் பால்போல் வெளுக்கும் கிருமிநாசினிகளில் பெரும்பாலும் பீனால் வகை இருக்கும். பூனை அந்தத் தரையில் நடந்து பாதத்தை நக்கும், அதனால் தரை நன்றாகக் காயும்வரை உள்ளே விடாதீர்கள். லில்லி பூச்செடி, பூங்கொத்து எதுவும் பூனை இருக்கும் வீட்டுக்குள் வரக் கூடாது. இதழ், இலை, உடம்பில் ஒட்டிய மகரந்தம், ஜாடித் தண்ணீர் எதை நக்கினாலும் சிறுநீரகம் செயலிழக்கும். அரளி இதயத்தைத் தாக்கும். தொட்டியில் அழகுக்கு வைக்கும் சைகஸின் கொட்டை நாயின் ஈரலைத் தாக்கும். எலி மருந்துதான் ஏமாற்றுக்காரன். ரத்தம் உறையாமல் செய்யும் வகை என்றால், தின்ற அன்று நாய் ஜோராக ஓடியாடும். இரண்டிலிருந்து ஐந்து நாளில்தான் உள்ளே ரத்தம் கசியத் தொடங்கும். முன்பே போனால் வைட்டமின் கே1 கொடுத்துக் காப்பாற்றிவிடலாம். தின்றதைக் கண்ணால் பார்த்தால் அறிகுறிக்காகக் காத்திருக்காதீர்கள்.

ஜன்னல், மிஷின், வாளி

பூனை எங்கிருந்து விழுந்தாலும் நாலு காலில் நிற்கும் என்று நம்பி ஜன்னலைத் திறந்து போடுகிறவர்கள் உண்டு. 1987-இல் நியூயார்க்கில் மாடியிலிருந்து விழுந்து மருத்துவமனைக்கு வந்த 132 பூனைகளைப் பற்றி ஓர் ஆய்வு வெளிவந்தது. சிகிச்சை பெற்றவற்றில் 90 சதவீதம் பிழைத்தன. இந்த எண்ணைச் சொல்லித்தான் தைரியம் கொடுப்பார்கள். விழுந்த இடத்திலேயே செத்த பூனையை யார் மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு வருவார்கள்? பிழைத்தவற்றிலும் மார்பில் அடி, தாடை முறிவு. வலை அடியுங்கள். கொசுவலை பூனையின் எடையைத் தாங்காது, கம்பி வலை வேண்டும்.

சலவை மிஷினை ஓட்டுமுன் டிரம்முக்குள் கையை விட்டுத் துழாவுங்கள், வெறும் பார்வை போதாது. சூடான துணிக்குள் பஞ்சு தூங்கியிருக்கிறாள், வெள்ளைத் துணியில் வெள்ளைப் பூனை. குட்டி இருக்கும் வீட்டில் குளியலறை வாளியில் தண்ணீர் பிடித்து வைக்காதீர்கள். பறவை வளர்த்தால் ஒட்டாத பூச்சுள்ள வாணலியை வெறுமையாகச் சூடேற்றக் கூடாது. பூச்சு அதிகச் சூட்டில் விடும் புகை நம் மூக்குக்குத் தெரியாது, பறவையைச் சில நிமிஷத்தில் கொன்றுவிடும். பறவையைக் கூண்டிலிருந்து திறந்துவிடுமுன் மின்விசிறியை நிறுத்துங்கள். முயல் பன்னிரண்டு மணி நேரம் தின்னாமல் இருந்தால், நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளாதீர்கள். அதன் குடல் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும்.

கண்ணுக்குத் தெரியாத ஒன்று, நாய்க்குட்டிகளைக் கொல்லும் பார்வோ வைரஸ். செருப்பில் ஒட்டி வீட்டுக்குள் வரும், மண்ணில் மாதக்கணக்கில் கிடக்கும். குட்டிக்கு 6 முதல் 8 வாரத்தில் தடுப்பூசி தொடங்கி, 16 வாரம் ஆகும்வரை சில வார இடைவெளியில் திரும்பத் திரும்பப் போட வேண்டும். ஒன்று போட்டாயிற்றே என்று தெருவில் நடத்திக் கூட்டிப்போகாதீர்கள், தூக்கிக்கொண்டு போய் வேடிக்கை காட்டுங்கள். செருப்பு வாசலுக்கு வெளியே. தரைக்கு ஒரு பங்கு பிளீச், முப்பது பங்கு தண்ணீர். பத்து நிமிஷம் ஊறவிட்டுக் கழுவி, காய்ந்த பிறகு குட்டியை விடலாம்.

நடந்துவிட்டால்

வாய்க்குள் மிச்சம் இருந்தால் எடுத்துவிடுங்கள். பிறகு மூன்று விஷயம்: எதைத் தின்றது, எவ்வளவு, எத்தனை மணிக்கு. பாக்கெட்டையோ அட்டையையோ கையோடு எடுங்கள், வாந்தி எடுத்திருந்தால் அதையும் ஒரு பையில் போட்டுக்கொள்ளுங்கள். டாக்டருக்குப் போன் செய்துகொண்டே கிளம்புங்கள். உப்புத் தண்ணீர் ஊற்றி வாந்தி எடுக்க வைக்கிறேன் என்று இறங்காதீர்கள், அந்த உப்பே கொல்லும். அமிலம், மண்ணெண்ணெய், பேட்டரி போன்றவை உள்ளே போயிருந்தால் வாந்தி இன்னும் கேடு. பால், முட்டை எதுவும் வேண்டாம்.

நல்ல நாளில் உங்கள் பிராணியின் ஈறு என்ன நிறம் என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். விரலால் அழுத்தினால் வெளுத்து, இரண்டு நொடிக்குள் பழைய நிறம் வர வேண்டும். அதை முன்பே பார்த்திருந்தால்தான் வெளுத்த ஈறும் நீலம் பாய்ந்த ஈறும் அவசரத்தில் உங்களுக்குப் பிடிபடும்.

எடையும் தெரிந்திருக்க வேண்டும், மருந்துக் கணக்கு எல்லாம் கிலோவில்தான். ஞாயிறுதோறும் பட்டனைத் தூக்கிக்கொண்டு எடை மிஷினில் ஏறுகிறேன், பிறகு தனியாக ஏறிக் கழித்துக்கொள்கிறேன். டாக்டர் நம்பர், ராத்திரியில் திறந்திருக்கும் மருத்துவமனை நம்பர், இரண்டு பேருடைய எடை எல்லாம் ஒரே தாளில் ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கின்றன. அத்தைக்கும் கண்ணாடி இல்லாமல் தெரிகிற மாதிரி பெரிய எழுத்தில்.

போன வாரம் அந்த நூல் பாட்டிலை மாற்றினேன். அழுத்தி மூடும் மூடியைப் பட்டன் பல்லால் நெம்பித் திறந்துவிட்டான், நான் பக்கத்திலேயே இருந்ததால் பிடுங்கிக்கொண்டேன். இப்போது இருப்பது திருகு மூடி.